பாதிக் கிணறு

"கட்டடத்தின் மீதமுள்ள ஆயுள்: இல்லை.
கட்டடத்தின் மதிப்பு: இல்லை."
வங்கி அனுப்பிய இன்ஜினியர்
மொட்டைமாடியில் இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு
எழுதிக் கொடுத்தார்.
ஐந்தரை செண்ட். செண்டுக்கு ஒன்பது லட்சம்.
ஆக, மண்ணை வாங்கினால்
வீடு இனாம்.

"இடிச்சுப் போட்டுட்டு மூணு மாடி ஏத்துங்க.
கீழ கடை, நடுவுல நீங்க, மேல வாடகை.
ராமவர்மபுரத்துல இப்பம் மண்ணுக்குத்தான் விலை,
பாத்துக்கிடுங்க"
என்றார் புரோக்கர் ஏசுவடியான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது
மாடிப்படி திரும்பும் இடத்தில்
கப்பலுக்கு வைப்பதுபோல் வட்டமாக ஒரு ஜன்னல்.
நாகர்கோவிலில் எதற்குக் கப்பல் ஜன்னல்?
கட்டியவருக்கு ஆசை, அவ்வளவுதான்.
அதன் வழியே செல்போன் கோபுரம்,
நான்கு தண்ணீர்த் தொட்டி,
மிச்ச இடத்தில் மலை.

கறுப்புத் தரையில் முகம் தெரிந்தது,
நாற்காலி இழுபட்ட இடத்தில் மட்டும் தெரியவில்லை.
குண்டு குண்டான கறுப்பு சுவிட்சுகள்
கீழே தட்டினால்தான் எரியும்.
சாப்பாட்டறை மூலையில் ஓதம்,
இலங்கை வரைபடம்போல.
மழைக்கு ஊதிப்போன வாசற்கதவை
ஏசுவடியான் தோளால் இடித்துத் திறந்தார்,
அதுவும் ஒரு விளம்பரம் என்ற தோரணையில்.

பதினெட்டு வருஷமாக
ஆயுள் காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன்.
இத்தனை வயதில், இத்தனை ஈரத்தோடு
யார் வந்து நின்றாலும்
மன்னிக்கவும் என்று கடிதம் அனுப்புகிறவள் நான்.
அன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

போர்ட்டிகோ நெற்றியில் சிமெண்டில் 1955.
அடுத்த வருஷம் நவம்பரில்
வீடு இருந்த இடத்திலேயே இருக்க
மாநிலம் மாறியது.
தாய்ப்பத்திரம் மலையாளத்தில்.
வில்லங்கம் முப்பது வருஷத்துக்குச் சுத்தம்;
அதற்கு முன்னால் உள்ளதை
வாசிக்க ஆள் பிடியுங்கள் என்றார் வக்கீல்.

பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்தாள் ரெம்யா.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய், சாயா தனி.
கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று முப்பது,
மகரம்...
விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள்:
பிலா ஒண்ணு. தெங்கு ரெண்டு.
கிணற்றில் பாதி.

"பாதியா?"
"பாதி. வடக்கு இவருக்கு, தெற்கு அனியனுக்கு."
அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்,
கிணறுகளைப் பாதியாக்குவது
தினமும் நடக்கிற காரியம்போல.

விற்கிறவர் மஸ்கட்டில் இருந்தார்.
வீடியோவில் கிணற்றைக் கேட்டேன்.
"ஆமா, சொல்ல விட்டுப்போச்சு" என்றார்.
பணம் எந்தத் தேதியில் விழும் என்று
இரண்டு முறை கேட்டார்.
"மூடிரலாம் மேடம்,
ஒரு கார் நிக்கும்" என்றார் ஏசுவடியான்.
எனக்குக் கார் கிடையாது.

விண்ணப்பத்தில் கணவர் பெயருக்கான கட்டத்தில்
ஒரு கோடு.
அடமானத்துக்கு நகை,
பார்வதிபுரத்துப் பிளாட்டை விற்ற காசு,
இருபது வருஷத் தவணை.
கடைசித் தவணையில் எனக்கு அறுபத்து மூன்று,
வீட்டுக்கு எண்பத்தொன்பது.
இருவரில் யாருக்கு ஆயுள் மிச்சம் என்று
எங்கள் அட்டவணையில் இல்லை.

முதல் காலை.
பின்கட்டில் போய் நின்றேன்.
கிணற்றின் வாய்க்குக் குறுக்கே மதில்,
பூனை நடந்து போகிற அகலம்.
அடியில் உத்தரத்தோடு சுவர் நின்றுவிட்டது.
கீழே கிடந்த தண்ணீரில்
என் தலை, பிலா இலை,
அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவந்த ஒரு நீல வாளி.

வாளி நின்றது. கயிறு மட்டும் ஆடியது.
"வாங்கினது நீங்கதானா?"
பெண் குரல்.
ஆமாம் என்றேன். பெயர் சொன்னேன்.
அவள் தன் பெயரைச் சொல்லவில்லை.

"மோட்டார் எத்தன எச்.பி. போடப் போறீங்க?"

"அரை" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
வாளி மேலே போனது.