பை இருந்த இடம்

பண்டல் கடைக்கு வெளியே
முப்பத்து நாலு டிகிரி.
உள்ளே கம்பியில்
யாருடைய குளிர்காலமோ
வரிசையாகத் தொங்குகிறது.

பினாங்குத் தையல்காரர் சொன்ன விலை
எண்ணூற்று ஐம்பது வெள்ளி.
ஸ்காட்லாந்திலிருந்து தருவித்தால்
அஞ்சல் செலவு தனி.
நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா.
லாரி லாரியாக டன் கணக்கு எழுதுகிறவன்,
கனத்துக்கு அஞ்சமாட்டேன்.
விலைக்கு அஞ்சுவேன்.

சனிக்கிழமை இரவு பழைய மாணவர் விருந்து.
பாடாங் செராய் முழுக்க வரும்.
பேக்பைப் வாசிக்க நாங்கள் ஏழு பேர்.
கில்ட்டு சங்கத்துச் சொத்து,
மேலே போடுவது அவரவர் பாடு.

"ஆறு மணிக்கு மேல் கறுப்புதான்" என்றார்
பேண்ட் மாஸ்டர் கிர்பால்.
"ட்வீட் பகலுக்கு. குதிரைக்கு. வேட்டை நாய்க்கு."
"இங்கே குதிரை ஏது சார்,
பகலில் கோட்டுப் போட ஆள் ஏது?"
தாடியை நீவினார்.
"கறுப்பைத் தொடுகிற சாம்பல் கிடைத்தால் பார்.
வெள்ளிப் பொத்தான் வைத்துக்கொள்."

ஆகவே தேடுகிறேன்.
பழுப்பு வேண்டாம், கில்ட்டின் பச்சையோடு
உரமூட்டை அடுக்கிய கொட்டகை மாதிரி இருக்கும்.
கட்டம் வேண்டவே வேண்டாம்,
கீழே ஏற்கெனவே கட்டம்.

தவமலர் கில்ட்டையே கொண்டுவந்திருக்கிறாள்
மீன் வாங்கும் பையில்.
குழல்விளக்கின் கீழ் மடிப்பு மடிப்பாக விரிக்கிறாள்.
எட்டு கஜம்.
"என் சேலையைவிட ரெண்டு கஜம் கூட.
என்னைச் சொல்வீங்க."
நகத்தால் ஓர் இழையைத் தொடுகிறாள்:
"இந்தச் சாம்பல் நூல் இருக்கே,
இதுக்குத்தான் கோட்டு."

மீன்முள் நெசவு.
அந்துருண்டை வாசம்.
நாற்பது என்றான், முப்பத்தைந்துக்கு வந்தான்.

"தோள் சரியா இருக்கு,
அதனால பிழைச்சே" என்றாள்
மார்க்கெட் மாடியில் தைக்கும் மேய் ஃபூன்.
"மத்ததெல்லாம் வெட்டலாம், தோளை வெட்ட முடியாது லா."
காற்சட்டைக்குத் தைத்த கோட்டு
பின்புறம் மூடும்.
கில்ட்டுக்கு அது ஆகாது,
முன்னால் தொங்கும் தோல்பை தெரிய வேண்டும்,
மடிப்புகள் இடுப்பிலேயே தொடங்க வேண்டும்.
ஐந்து அங்குலம் போயிற்று.
பைகள் விளிம்பில் வந்து நின்றன.
பிரித்தெடுத்து மூன்று விரல் மேலேற்றினாள்.

பை இருந்த இடத்தில்
வெயில் படாத ஒரு பட்டை.
மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போனது
அப்போதுதான் தெரிந்தது.

தையல் அறுபது, பொத்தான் இருபத்தெட்டு.
வெள்ளிக்கே வெள்ளி.
எடைச்சீட்டின் பின்புறம் கூட்டிப் பார்த்தேன்:
நூற்று இருபத்து மூன்று.

சனிக்கிழமை
மண்டபத்துக் குளிர்சாதனத்தை யாராலும் குறைக்க முடியவில்லை.
ரிமோட் யாரிடமோ, அவர் கோலாலம்பூரில்.
பட்டுச்சேலைகள் எல்லாம்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.
வாசித்து முடித்து இறங்கினேன்,
முதல் தடவையாக வியர்க்காமல்.

"கழட்டுங்க" என்றாள் தவமலர்.

போட்டுக்கொண்டாள்.
அவளுக்கு அது அளவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
கை விரல் நுனிவரை வந்தது.
கீழே ஆறு கஜம் மாம்பழ மஞ்சள்.

தட்டோடு கடந்து போன கிர்பால்
நின்று, குனிந்து,
அந்தப் பட்டையைப் பார்த்தார்.
"இது கறுப்பு" என்றார்.
"இவ்வளவு மட்டும்."

அடுத்த சுற்றுக்கு
வெறும் சட்டையோடு மேடை ஏறினேன்.