இரண்டு கட்டங்கள்

துறைமுக அலுவலகப் படிவத்தில்
இரண்டே கட்டங்கள்: நீரில், கரையில்.
ஒன்றில் டிக் அடித்து
ஜனவரி முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும்.

குல்வெனும் அசெனோரும்
இந்த வருஷம் தனித்தனியாக வந்தார்கள்.
வீடு விற்றாயிற்று. நாய் அவளோடு, கார் அவனோடு.
படகை மட்டும் பிரெஸ்ட் நீதிமன்றம்
எப்படிப் பிரிப்பதென்று தெரியாமல்
இருவர் பேரிலும் விட்டுவிட்டது.
ஐந்தரை மீட்டர், இரண்டு உடல், ஒரு பாய்.
எந்தக் கடற்கரையிலிருந்தோ
கப்பலேறி வந்த பெயர் அதற்கு,
கட்டுமரமாம்.
கட்டும் இல்லை, மரமும் இல்லை,
கண்ணாடி இழையும் பிசினும்.

நீரில், என்றாள் அசெனோர்.
மிதவையில் கிடந்தால்
ஏழு மணிக்குத் தோன்றினால்
ஏழரைக்குப் பாய் ஏற்றிவிடலாம்.
யாரையும் கேட்க வேண்டாம்.
கடைசி வாக்கியத்தை
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவன்.
கரையில், என்றான்.
எழுதியே கொண்டுவந்திருந்தான்:
அடியில் ஒட்டும் சிப்பி,
மேலே கடற்காகத்தின் எச்சம்,
ஊறிக் கொப்புளிக்கும் பூச்சு,
தேயும் சங்கிலி.
சங்கிலி தேயும்தான்.
கட்டைவிரல் கனத்தில் இறக்கியது
மூன்றாம் குளிர்காலத்தில்
பென்சில் கனத்தில் மேலே வருவதை
நானே பார்த்திருக்கிறேன்.

அவன் எழுதாத ஒன்று இருந்தது.
எங்கள் சாய்தளம் செங்குத்து, பாசி வேறு.
வண்டியோடு இருநூறு கிலோ
ஒற்றை ஆளுக்கு அசையாது.
ஒருவர் இழுக்க வேண்டும்,
ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும்,
"இப்போ" என்று யாராவது சொல்ல வேண்டும்.
அது அவளுக்கும் தெரியும்.

இதிலெல்லாம் நான் வாய் திறப்பதில்லை,
சம்பளம் அதற்கில்லை.
ஆனாலும் வரைபடத்தை விரித்து
பழைய சிப்பித் தொட்டிக்குப் பின்னால்
ஒரு மூலையைக் காட்டினேன்.
ஆறு மணி நேரம் தண்ணீர்,
ஆறு மணி நேரம் சேறு.
மற்ற படகென்றால் சாய்ந்து படுத்துவிடும்,
இது இரண்டு காலையும் ஊன்றி
பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாதே, என்றாள்.
கூழாங்கல் அடியை அரிக்குமே, என்றான்.
இருவருக்கும் பிடிக்கவில்லை.
அதனாலேயே சம்மதித்தார்கள்.

படிவத்தில் எந்தக் கட்டம் என்பதுதான்
எனக்கு இன்றுவரை புரியவில்லை.
இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டின்மேல்
டிக் அடித்து
கரைக் கட்டணம் வாங்கினேன்.
ரென்னிலிருந்து வந்த தணிக்கைக்காரர்
அக்டோபரில் அதைச் சுற்றிச் சிவப்பு மையில்
ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

கோடையில் அவர்கள் சந்தித்தார்களா?
கடல் தினமும் ஐம்பது நிமிடம் பிந்தி வரும்.
அவளுடைய செவ்வாய்
எப்போதாவது அவனுடைய மாலையோடு
முட்டியிருக்கலாம்.
நான் பார்த்தது
பாய்ப்பைக்குள் யாரோ விட்டுப்போன
பாதி கடித்த ஆப்பிள்,
அடுத்த வாரம் அது இல்லை.

நவம்பர் புயல்.
இரவு இரண்டு மணி,
மிதவைப் படகுகளின் கயிறுகள்
பாய்மரங்களை அறைந்துகொண்டிருந்தன.
மழைக்கோட்டோடு இறங்கினேன்.
தொட்டிப் பக்கம்
இரண்டு டார்ச் விளக்குகள்,
இரண்டு திசையிலிருந்து.

படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.
ஐந்து மணிவரை தண்ணீர் திரும்பாது,
செய்ய ஒன்றுமில்லை.
ஆளுக்கொரு புதுக் கயிற்றுச் சுருள்,
ஒரே கடை, ஒரே நீலம்,
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
காற்றில் என்ன பேசினார்களோ கேட்கவில்லை.
குளிர் தாங்காமல் நான் தூங்கப் போனேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
தண்ணீர் வந்து திரும்பப் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு மிதவைப் படகுகள் பாறையில் கிடந்தன,
கரையில் நிறுத்திய ஒன்று
வண்டியோடு குப்புற விழுந்திருந்தது.
அது மட்டும் நான்கு நீலக் கயிறுகளில் ஆடாமல்.
மூன்று முடிச்சு சரி.
நான்காவது
இழுத்தால் அவிழும் சோம்பேறி முடிச்சு.
யார் போட்டதென்று கேட்கவில்லை.
அவிழ்த்து,
விரல் விறைக்க விறைக்க
திருப்பிக் கட்டிவிட்டு வந்தேன்.