அரைப்பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார் டொக்டர்.
கிண்ணமாய் இருக்கவேண்டிய இடுப்புக்குழி
தட்டாய் இருக்காம், பிறவியிலேயே.

முப்பத்தெட்டு வருசம் என் எலும்பு
தட்டின் விளிம்பில் நின்றிருக்கிறது,
ஏழாம் நம்பர் மலையில் நான் நிற்கிற மாதிரி.
விழாமல் பிடித்துக்கொண்டது தசை.
எலும்பின் வேலையையும் சேர்த்துப் பார்த்து
கொழுந்துச் சாக்குக் கட்டும் கயிறாய் இறுகிவிட்டது.

கானைத் தாண்டினால் தொடைமடிப்பில் 'டொக்'.
அடுத்த நிரையிலிருந்து செபஸ்தியம்மா கேட்டாள்:
"குச்சி ஒடிச்சியாடி?"
தசைநாண் எலும்பில் புரளும் சத்தம் என்றால்
நம்பவில்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

இரவில் இடப்பக்கம் படுத்தால் நெருப்பு.
வலப்பக்கம், லயத்துச் சுவரின் ஈரம்.

சந்தமாலி மிஸ் பயிற்சி எழுதித் தந்தார்:
சரிந்து படு, முழங்காலைத் திற, மூடு, பத்துத் தரம்.
கடைசி வரி: மேடு ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.
எழுதியவரே சன்னலுக்கு வெளியே பார்த்தார்;
மலை முழுக்கத் தேயிலை.
அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்.

இன்றைக்குப் பதினோரு கிலோ.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
என் தசை பார்த்த இரட்டை வேலைக்குச்
செக்ரோலில் பத்தி இல்லை.

ஈரச் சுவரைப் பார்த்து முழங்காலைத் திறக்கிறேன்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் மகன் புரண்டு கால் போட்டான்.
மற்றதற்கு நாளைக்கென்று கடன் சொல்லிவிட்டேன்.