அறுபத்தைந்து கிலோ கோல்

சேன்-தாந்த்ரேயின் ஆகஸ்ட் காற்று
கடலில் புறப்பட்டுக் கரும்பின் மேல் நடந்து வரும்.
ஆலைப் பாகின் வாசம் ஓடுபாதை வரை.
இன்று எங்களுக்கு அது பின்காற்று;
சவுக்கு மரங்கள் எல்லாம் மேற்கே சாய்ந்து
அதற்குச் சாட்சி.

ஒலிபெருக்கி கூப்பிடுகிறது:
ஒரேலி வயாபூரி.
கப்பல் குமாஸ்தா எவனோ
ஐகாரத்தைத் தின்றுவிட்டு
ஊகாரத்தைத் துப்பிய பெயர்.

ஐம்பத்திரண்டு கிலோ.
ஒன்று ஐம்பத்தெட்டு உயரம்.
கோலூன்றித் தாண்டுகிறவளுக்கு இது குட்டை.
கையைத் தூக்கி நின்றால் இரண்டு மீட்டர்;
என் கை அதற்கும் மேலே ஒரு சாண் போகும்.
அந்த ஒரு சாணைத்தான்
ஏழு வருஷமாக வீணடிக்கிறேன்.

அவள் ஓடுவதைப் பாருங்கள். பதினாறு அடி.
முதல் ஆறில் கோலின் நுனி வானத்தில்.
அடுத்த ஆறில் தராசு முள்போல இறங்கும்.
கடைசி நான்கில்
கோல் தன் எடையில் தானே விழுகிறது,
அவள் அதைத் துரத்துகிறாள்.
நாங்களெல்லாம் அந்த இடத்தில்
பயந்துபோய் அடியை நீட்டுவோம்,
பெட்டி கிட்டே வந்துவிடட்டும் என்று.
அவள் சுருக்குவாள்.
கோல் பெட்டியில் முட்டும் முன்பே
தரையை விட்டிருப்பாள்.
ஓர் இமைப்பொழுது,
கையில் கோல் இருந்தும்
எதிலும் ஊன்றாத உடம்பு.

அப்புறம் இடது கால்
பின்தங்கி, நீண்டு,
மணிநாக்குபோல வீசிக்கொண்டு மேலே.
தலைகீழ்.
கம்பியை விசாரிக்கப்
பாதங்கள் முதலில் போகும்.

கணக்கு எனக்கும் தெரியும்,
லிசேயில் பௌதிகம் படித்தவள்.
வினாடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிறவளுக்குப்
பூமி திருப்பித் தருவது மூன்றேகால்.
இடுப்பு ஏற்கெனவே இருக்கும் உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
கடைசியில் தோளும் கையும் தள்ளித் தருவது
ஒரு சாண், போனால் போகிறது என்று.
நாலு முப்பத்தைந்து.
அதற்கு மேலே வேண்டுமானால்
எட்டரை ஓட வேண்டும்.
ஓடலாம், அந்தக் கால்களால் முடியும்.
முதுகெலும்பின் அடியில், ஐந்தாம் கண்ணியில்,
ஒரு மயிரிழைக் கோடு இருக்கிறது.
ஸ்கேனை ஃபோனில் காட்டினாள்
விடுமுறைப் படம் காட்டுவதுபோல.

நான் மூன்று அறுபதிலேயே வெளியே வந்தாயிற்று.
இப்போது கம்பி நாலு பத்து.
அவள் கோல் அவளுக்கு மெத்தென்றாகிவிட்டது:
பின்காற்றில் மட்டுமீறி வளைந்து
அவளைக் கொண்டுபோய்க் கம்பியிலேயே மோதுகிறது.
அடுத்த கோல் மர்செய் துறைமுகத்தில்
கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறது.
திரும்பிப் பார்த்தாள்.
“உன்னோடதைத் தர்றியா?”

அறுபத்தைந்து கிலோக்காரிக்கான கோல்.
என் காரைவிட விலை அதிகம்.

முதல் முறை அது மறுத்தது.
நிமிர்ந்து நின்று
அவளை ஓடுபாதைக்கே திருப்பி எறிந்தது.
உள்ளங்கை சிராய்த்து எழுந்தாள்.
முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை.
கால் நிமிஷம்
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
எழுதித்தான் ஆக வேண்டும் அதை.

இரண்டாம் முறை
இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.
பதினெட்டு.
என் கோலுக்கு இப்படியொரு வளைவு தெரியும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
அது நிமிர்கையில்
பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்,
அவள் வயிற்றை உள்ளே இழுத்துக்
கம்பியைச் சுற்றி வழிந்தாள்.

மெத்தையில் கிடந்தாள்.
வலது கை இடுப்புக்கடியில்.
மூன்று மூச்சு.
நான் எண்ணினேன்.

நாலு இருபதுக்கு வேண்டாம் என்று
நடுவரிடம் கையசைத்தாள்.
பயிற்சியாளர் ஃபோந்தேன் தொப்பியைத் தரையில் அடித்தார்.
அவள் ஸ்பைக்கின் முடிச்சை
அவிழ்த்துக்கொண்டிருந்தாள்,
குனியாமல், காலை மடியில் தூக்கி வைத்து.

கோல் என்னிடம் திரும்பி வந்தது.
என் டேப்புக்கு நாலு விரல் மேலே
மக்னீசியத் தூளில் அவள் கை.
துடைக்காமல் உறை போட்டேன்.

திங்கட்கிழமை, யாருமில்லாத மைதானம்.
அதே இடத்தில் பிடித்தேன்.
ஓடினேன்.
பதினோராம் அடியில் நின்றுவிட்டேன்.
கோலின் நுனி மட்டும்
முன்னால், தன்பாட்டுக்கு,
கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.