ஏழாம் நிரல்

யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் கிடந்ததால் தப்பிய புத்தகம்.
முல்லைத்தீவுப் பட்டினமும் அயலும், மரணப் பதிவேடு,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று.
பூச்சி தின்ற துளை வழியே
அடுத்த மாதம் தெரிகிறது.

என் வேலை ஏழாம் நிரல்.
வயதை மட்டும் பார்த்து எக்செல்லில் ஏற்றுவது.

நாற்பதில் இருபத்திரண்டு பேர்.
ஐம்பதில் பத்தொன்பது. அறுபதில் பன்னிரண்டு.
நாற்பத்தேழில் இந்தப் பட்டினத்தில் எவரும் சாகவில்லை.
ஐம்பத்தொன்றை எட்டியும் பார்க்கவில்லை.
"குளம் உடைச்ச மாரிக்கு நடை பழகினவர்" என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்.
பதிவாளர் வினாசித்தம்பி
கூரையை ஒருக்கால் பார்த்துவிட்டு
ஐம்பது என்று எழுதியிருப்பார்.

கூட்டமெல்லாம் கீழேதான்.
ஒன்றுக்குக் குறைய அறுபத்தொன்று,
பாதிக்குப் பெயர் நிரலில் வெறும் கோடு.
தை மாதப் பக்கம் நீளக்
காய்ச்சல். மேற்படி. மேற்படி. மேற்படி.
ஐந்தைத் தாண்டினால் கொஞ்சம் விட்டுவைக்கிறது,
பதினெட்டில் பிள்ளைப்பேற்றோடு திரும்பி வருகிறது.
இடையில் இரண்டு பாம்பு, ஒரு கரடி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்
ஓர் அம்மா படிவத்தோடு வந்தார்.
"மகன்ர வயசு அப்ப பத்தொன்பது.
எதைப் போட, பிள்ளை? அப்பத்தையா, இப்பத்தையா?"
பென்சிலால் எழுதுங்கோ என்றேன்.
வேறென்ன சொல்ல.

பின்னேரம் டிசம்பருக்கு வந்துவிட்டேன்.
இருநூற்று இருபத்தொன்பதாம் பதிவு:
பெண், தெய்வானைப்பிள்ளை. காய்ச்சல்.
வயது, மூன்று வருடம் நாலு மாதம் பதினொரு நாள்.

புத்தகம் முழுக்க இப்படி எண்ணப்பட்டவர்
வேறொருவரும் இல்லை.
விரலை வைத்து வரியின் கடைசிக்குப் போனேன்.
அறிவித்தவர்: தகப்பன், வினாசித்தம்பி.
பதிவாளர்: வினாசித்தம்பி.
இரண்டு ஒப்பமும் ஒரே தடிப்பு.
ஒன்றிலும் மை சிந்தவில்லை.
அதற்குக் கீழே, அதே திகதியில்,
ஆண், ஐம்பது, மேற்படி.

யாருக்கோ வந்த காய்ச்சலை எழுத
அவர் மகளைத்தான் காட்டவேண்டியிருந்தது.

எக்செல் முழு எண் கேட்கிறது.
மாதத்தோடு போட்டுப் பார்த்தேன், சிவப்புக் காட்டியது.
நாளோடு போட்டேன், அதற்கும் சிவப்பு.
மூன்று என்று போட்டேன்.

ஒன்று முதல் ஐந்து வரை என்ற வரிசையில்
ஐம்பத்திரண்டு
ஐம்பத்துமூன்று ஆனது.