பெயர்த்துண்டு

முதியோர் இல்லத்தின் அடித்தளத்தில்
என் பொறுப்பில் நான்கு இயந்திரங்கள்.
இரண்டு துவைக்கும், இரண்டு உலர்த்தும்.
வெளியே வினிபெக்கில் மைனஸ் முப்பத்திரண்டு.
எனக்கு மட்டும் மே மாத நாகர்கோவில்.

இங்கே ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு பெயர்:
பின்கழுத்தில், இடுப்புப் பட்டையில்,
காலுறையின் விளிம்பில்கூட
நான்கு தையலில் நிற்கும் வெள்ளைத் துண்டு.
யாராவது போய்விட்டால்
அதைப் பிரிப்பதும் நான்தான்.
துணி தானப் பெட்டிக்கு,
பெயர் குப்பைக்கு.

முதல் வருடம் மனம் வராமல்
பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்தேன்.
நிறைந்ததும் கொட்டிவிட்டேன்.
பெயர்களின் பட்டியல் வேறொருவர் கையில்
பத்திரமாக இருக்கிறது என்று
அப்போது சொல்லிக்கொண்டேன்.
உண்மையில் எனக்கு டின் தேவைப்பட்டது.

ஓல்கா பெட்ரிஷின், அறை 214,
நவம்பரில் போனாள்.
திராட்சை ரச நிறத்தில் அவளுக்கொரு கம்பளிச்சட்டை,
மரப் பொத்தான்கள்.
ரெஜைனாவிலிருந்து வந்த மகள்
புகைப்படங்களை மட்டும் எடுத்துப்போனாள்.
தானப் பெட்டிக்கும் என் பைக்கும் நடுவே
மூன்றடி தூரம்.
யாரும் பார்க்கவில்லை
என்றுதான் எழுத வந்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு
செல்கிர்க் அவென்யூவில் எங்கள் வாடகைக் கோயில்.
காலையில் உக்ரைன் மொழியில் பாடிய காற்று
ஆறியிருக்காது;
அதிலேயே நாங்கள் தமிழில் பாடுவோம்.
அன்று போதகர் தவசிமணி பரலோகத்தைப் பற்றிப் பேசினார்.
அங்கே வீட்டுக்கடன் இல்லை,
விடிகாலையில் பனி அள்ள வேண்டாம்,
எல்லோருக்கும் வெள்ளங்கி.
சிரித்தார்கள், ஆமென் என்றார்கள்.
அவ்வளவு வெள்ளையையும் துவைப்பது யார்
என்று நான் கேட்டிருப்பேன், வேறொரு நாளென்றால்.
அன்று எனக்குக் கழுத்து அரித்துக்கொண்டிருந்தது.

அவசரத்தில் பிரிக்காமல் விட்ட துண்டு.
மேலே நோக்குங்கள் என்றார் போதகர்.
தலையை நிமிர்த்த நிமிர்த்த
அது இன்னும் அழுந்தியது:
ஓ. பெட்ரிஷின். ஓ. பெட்ரிஷின்.

பரலோகத்தை நினைத்து வாழ்வதென்றால்
தலை கொஞ்சம் மேகத்தில் இருக்கும்
என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.
அது பின்கழுத்தில் அரிக்கும் என்று
ஞாயிறு பள்ளியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

திங்கள் காலை, வேலை தொடங்கும் முன்,
சட்டையைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன்.
திருடினேன் என்றேன்.
கிரேசல்டா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"உனக்கு நன்றாகத்தான் இருக்கும், வைத்துக்கொள்."
மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில்
எனக்குக் கோபம்கூட வந்தது.
கீழே போய்
குளிர்ந்த தண்ணீரில், இயந்திரத்தில் போடாமல்,
கையால் அலசி விரித்தேன்.
கம்பளி சூடு தாங்காது.

செவ்வாயன்று மிஸஸ் பியர்டி வந்தாள்,
வடக்கே ஏரிக்கரை ஊரிலிருந்து.
ஆம்புலன்ஸ் போர்வை, ஒரு பிளாஸ்டிக் பை.
பையில் மூக்குக்கண்ணாடி,
பாதி தின்ற பெப்பர்மின்ட்.
மாற்றுத்துணி இல்லை.
எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று
என்னிடம் கேட்டாள்.
சலவைக்காரியிடம்.
எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லை.
சீக்கிரம் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

சட்டையை எடுத்துவந்து போட்டுவிட்டேன்.
கை நீளம்; இரண்டு மடிப்பு மடித்தேன்.
பழைய பெயரை நான் பிரித்திருக்கவில்லை.
அதன்மேலேயே புதியதை வைத்து
நான்கு தையல் போட்டிருந்தேன்.
விளக்குக்கு நேரே பிடித்தால் இரண்டும் தெரியும்,
எழுத்தின்மேல் எழுத்தாக,
என் கண்ணால் வாசிக்க முடியாதபடி.

அரிக்கிறதா என்று கேட்டேன்.
தோளை அசைத்துப் பார்த்து
கொஞ்சம் என்றாள்.
பழகிவிடும் என்று வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
உலர்த்தி கீழே மணியடித்துக்கொண்டிருந்தது.