நாற்பத்தாறு கிலோ

பேரம்பலத்தை அம்புலன்சில் இருந்து இறக்கியபோது
அவரோடு இறங்கியவை:
ஒரு சாரம், ஒரு சோப்புப் பெட்டி,
பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று ஆஸ்பத்திரிகளின் துண்டுகள்.

மல்லாவியில் இருந்து கிளிநொச்சி,
அங்கிருந்து யாழ்ப்பாணம்,
தொடையெலும்புக்குள் கம்பி வைத்துத்
திரும்பவும் கிளிநொச்சி,
இப்போது மறுபடி எங்களிடம்.
ஐம்பத்திரண்டு நாள்.

துண்டுகளைப் புரட்டுகிறேன்.
கம்பியின் நீளம் இருக்கிறது, மில்லிமீற்றரில்.
எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, இருக்கிறது.
அடுத்த எக்ஸ்ரேக்குத் திகதி இருக்கிறது.
எடை: 46.
எடை: 46.
எடை: 46.

முதலாவது நான் எழுதியது.
கால் முறிந்து கத்துகிறவரை எப்படி நிறுப்பது?
பழைய கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதினேன்.
மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள்.

எங்கள் தராசில் கதிரை கொள்ளாது.
இருதயநாதன் பக்கத்து மில்லுக்குப் போய்
நெல் நிறுக்கும் தராசை உருட்டிக்கொண்டு வந்தான்.
தட்டில் இன்னும் உமி.
கதிரையோடு நாற்பது.
கதிரை இரண்டரை.

"தராசு பிழை போல, மிஸி."
ஒரு அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தோம்.
தராசு பிழையில்லை.

எட்டரைக் கிலோ.
எங்கே விழுந்திருக்கும்?
மாங்குளம் சந்தியில், வண்டி வேகம் குறைத்த இடத்திலா?
ஆனையிறவின் உப்புக் காற்றிலா?
ஒப்பரேசன் என்று வெறும்வயிற்றோடு வைத்து
பிறகு பட்டியலில் பின்னுக்குத் தள்ளி
அடுத்த நாளும் வெறும்வயிற்றோடு வைத்தார்களே,
அந்தக் கட்டிலிலா?

வவுனிக்குளத்தில் வலை போட்ட மனிதர்.
கேட்டால் மட்டும் பேசுவார்.
கேட்டேன்.

"சாப்பாடு தந்தவை, பிள்ளை. குறை சொல்லக் கூடாது.
பல்லுத்தான் இல்லை.
கழட்டச் சொன்னவை.
பேப்பரிலை சுத்தி மேசையிலை வைச்சனான்.
பிறகு வேறை வார்ட்.
வேறை மேசை."

நாற்பது நாளாகச்
சோற்றைப் பிழிந்து
பருப்புத் தண்ணியை உறிஞ்சியிருக்கிறார்.
துண்டு சொல்கிறது:
வாயால் உண்கிறார். பிரச்சினை இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு நாலு தரம் போன் எடுத்தேன்.
நாலாவது தரம் யாரோ ஒரு தாதி
லாச்சியை இழுத்துக் கிளறும் சத்தம்.
"அஞ்சு சோடி கிடக்கு. உங்கடை ஆளின்ரை எது?"
வெத்திலைக் காவி படிஞ்சது என்றேன்.
"மூண்டு அப்பிடித்தான்" என்றாள்.

மூன்றையும் அனுப்பினாள்.
துணுக்காய் பஸ் கொண்டக்ரர்
பிஸ்கட் பெட்டியில் கொண்டுவந்து தந்தார்.
ஒன்றை உடனே எடுத்தார் பேரம்பலம்,
சந்தையில் தன் மாட்டைக் கண்டவர்போல.

வாயில் வைத்தார். சிரிக்கப் போனார்.
பல் நழுவி மடியில் விழுந்தது.
முரசு வற்றிப்போயிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக என்றார் டொக்டர்.
பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகப் போட்டால்
உடம்பு திருப்பி அடிக்கும்.
மகள் தயாளினி யப்பான் மீனை அவித்து
முள்ளெடுத்து மசித்துக் கொண்டுவந்தாள்.
அரை முட்டை. பிறகு முழு முட்டை.
உழுத்தம்மாக் கஞ்சி, ஒரு கோப்பை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்.
பதினொரு நாளில் முப்பத்தொன்பது.

இனி வீடு.
வீட்டில் யார் பார்ப்பது?
குடும்பநல மாது கலைமதியின் பதிவேட்டில்
கர்ப்பிணிக்கு நிரல் உண்டு, குழந்தைக்கு நிரல் உண்டு,
பேரம்பலத்துக்கு இல்லை.
"எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் திரிபோஷா குடுக்கப் போறனான்,
படலைக்குள்ளை எட்டிப் பாக்கிறன்" என்றாள்.
கொப்பியின் பின்மட்டையில் அவர் பெயரை எழுதினாள்.

நான் துண்டை எழுதினேன்.
காலுக்கு முன்னால், கம்பிக்கு முன்னால், முதல் வரியில்:
எடை 39. இழந்தது 8½. திரும்பியது 1½.
பல் இருக்கிறது, பொருந்தாது. மசித்துக் கொடுக்கவும்.
அதற்குக் கீழே சிவப்பு மையில்
பெரிய எழுத்தில்:
இதைப் பார்த்து எழுத வேண்டாம்.
நிறுத்து எழுதவும்.

ஓட்டோவில் ஏற்றும்போது
பேரம்பலம் பிஸ்கட் பெட்டியைக்
காதோடு வைத்து
ஒருக்கால் ஆட்டிப் பார்த்தார்.